ஆறு நிமிடக் கதவு

காலை ஐந்தரைக்கு லெனின் எழுந்தான். பல் துலக்கினான். அரைத் தம்ளர் அரிசியைக் குக்கரில் வைத்தான். நேற்றைய ரசத்தைச் சூடு பண்ணினான். சட்டைக் காலருக்கு மட்டும் இஸ்திரி போட்டான். மற்றது மேலங்கிக்குள் மறைந்துவிடும். ஏழே காலுக்குப் பழைய நூற்பாலையின் வாசலில் செருப்பைக் கழற்றினான். கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்தான். தலைவலை மாட்டினான். காற்றுக்கூண்டுக்குள் நின்று இரண்டு கைகளையும் தூக்கினான். தூசியை உறிஞ்சி முடித்ததும் கதவு திறந்தது. "வணக்கம், நகம் வெட்டியாச்சா?" என்று கேட்டாள், பதினான்கு மாதங்களுக்கு முன் இறந்துபோன அவன் மனைவி.

எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பாள்.

ராஜபாளையத்தில் அந்த ஆலை நூல் நூற்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. சன்னல் இல்லாத கூடங்கள், ஈரத்தை அளந்து விடும் குழாய்கள். உள்ளரங்க வேளாண்மைப் பயிற்சி மையத்துக்கு இதைவிடத் தோதான கட்டடம் கிடைத்திருக்காது. கோடை ஏழு மாதமாக நீண்டபின் வெளியே கீரை விளைவது நின்றுபோனது. கூரைக்குக் கீழே, ஊதா வெளிச்சத்தில், மண்ணில்லாமல் வேர்நீரில்தான் விளைந்தது.

அதைச் சாத்தியமாக்கியது தோன்றாத்துணை என்ற கணினி. கைதேர்ந்த ஒருவர் ஒரு கூடத்தில் இரண்டு ஆண்டுகள் பயிர் வளர்ப்பார். துணை பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த நேரம் விளக்கைத் தணிக்கிறார், எப்போது காற்றைக் கூட்டுகிறார், எதைக் கண்டால் முகம் சுளிக்கிறார் என்று எல்லாம். அப்புறம் அதே கையாக எத்தனை கூடங்களை வேண்டுமானாலும் நடத்தும். கேள்வி கேட்டால் அவர் குரலிலேயே பதிலும் சொல்லும். மாநிலம் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு கூடங்கள் லெனினின் மனைவி தமயந்தியின் கையில் ஓடின.

லெனினும் தமயந்தியும் கல்லூரியில் ஒரே வகுப்பு. மையத்தில் அவள் பயிர் பார்த்தாள். அவன் காற்றுக் குழாய்களைப் பார்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், பயிற்சி நடத்த அவள் திண்டுக்கல் போன வண்டி விபத்தில் சிக்கித் திரும்பி வரவில்லை. மூன்றாம் வாரம் அவனைப் பயிற்றுநராக்கினார்கள். அவளுடைய முறையைப் பற்றி அவள் குரலோடு சேர்ந்தே பாடம் நடத்தினான். அழுகை வரவில்லை. பசி நேரத்துக்கு வந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. கடைசியாக அவள் அவனிடம் என்ன சொன்னாள் என்பது மறந்துபோயிருந்தது. முதலில் நினைவில் இருந்தது. ஆனால் நாளுக்கு நூறு வாக்கியம் அவள் குரல் புதிதாகப் பேசியது. பழையதன்மேல் புதியது படிந்துகொண்டே வந்தது. 'பார்த்துப் போயிட்டு வாங்க' என்றுதான் சொல்லியிருப்பாள் என ஆறு மாதம் நம்பினான். பிறகுதான் தெரிந்தது, பயிற்சியாளர்கள் வெளியேறும்போது துணை சொல்லும் வாசகம் அது. அவள் அவனை ஒருநாளும் 'வாங்க' என்றதில்லை.

காலை பத்து நாற்பதுக்கு எல்லாக் கூடங்களிலும் ஊதா விளக்கு மங்கும். பக்கக் கதவு திறக்கும். ஆறு நிமிடம் கழித்து மூடிக்கொள்ளும். அந்த வாரம் வந்த பயிற்சியாளர்களில் பாக்கியம் என்று ஒரு அம்மாள், சிவகங்கைக்காரர், நாற்பது வயது இருக்கும். திறந்த கதவைப் பார்த்து, "என்ன சார், கீரைக்கும் டீ டைமா?" என்றார். வகுப்பே சிரித்தது. லெனின் சிரிக்கவில்லை. துணையிடம் கேளுங்கள் என்றான். "இலைகளுக்கு இளைப்பாறுதல் தேவை" என்றது துணை, தமயந்தியின் குரலில். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். தேர்வில் வரும் கேள்வி அது.

அது பொய் என்பது லெனின் ஒருவனுக்குத்தான் தெரியும். செய்வதைத்தான் துணை கற்றிருந்தது, காரணத்தைக் கற்கவில்லை. கேட்டால் அதுவாக ஒன்றை ஒட்டவைத்தது. உண்மையில் பத்து நாற்பதுக்கு லெனின் வாசல் கடையில் பிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு வருவான். கூடத்துக்குள் தின்னவோ குடிக்கவோ கூடாது. அதனால் தமயந்தி கதவைத் திறந்து நிலையருகே நிற்பாள். ஊதா வெளிச்சத்தில் அவனுக்குத் தலை வலிக்கும், விளக்கைத் தணிப்பாள். ஒரே மூடியில் இருவரும் குடிப்பார்கள். விதிமீறல்தான். கதவு திறந்தால் காசு கொடுத்து நிரப்பிய கரியமில வாயு வெளியே ஓடிவிடும். அவள் பெயர் கெடக் கூடாதென்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம், சொன்னால் போய்விடுமே என்று சொல்லவில்லை. அவன் கல்யாணத்தில் மிஞ்சியது அந்த ஆறு நிமிடம்தான்.

அந்த வாரமே இயக்குநர் ஹசீனா பேகம் அழைத்தார். நானூற்றுச் சொச்சம் கூடங்களில் தினமும் ஆறு நிமிட வாயு வீண், இதற்கு ஆதாரமான ஆய்வு எதுவும் இல்லை, முதலில் மூன்றாம் கூடத்தில் நிறுத்திப் பார்க்கலாம், பயிற்றுநர் என்ற முறையில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் பத்து நாற்பதுக்கு மூன்றாம் கூடத்தின் கதவு திறக்கவில்லை. அவன் அதன்முன் ஆறு நிமிடம் நின்றுவிட்டு வகுப்புக்குப் போனான்.

பதினோராம் நாள் பாக்கியம்தான் முதலில் பார்த்தார். பாலக்கீரையின் உள்குருத்து நுனிகள் தீய்ந்திருந்தன. மூன்று நாளில் கூடமே கருகியது போலாயிற்று. சுண்ணாம்புச் சத்து குறைந்தால்தான் நுனி அப்படித் தீயும், ஆனால் வேர்நீரில் அதற்குக் குறைவில்லை. துணையைக் கேட்டார்கள். இளைப்பாறுதல் என்றது. மறுபடி கேட்டார்கள். மறுபடி அதையே சொன்னது. ஹசீனா பேகம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அது உளறுகிறதா, தமயந்தியே அப்படித்தான் நம்பினாளா என்று லெனினைக் கேட்டார்.

தமயந்தி உளறினாள் என்று கோப்பில் எழுதப்போகிறார்கள் என்று அவனுக்குப் புரிந்தது.

"டீ, மேடம்" என்றான்.

"என்ன?"

"நான் டீ கொண்டு வருவேன். அதுக்குத்தான் கதவு."

சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஹசீனா பேகம் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு எழுந்து பலகையில் இலை ஒன்றை வரைந்தார். ஈரம் நிரம்பி நின்ற காற்றில் இலை நீரை வெளியே விடாது, விடாவிட்டால் வேர் மேலே இழுக்காது, சுண்ணாம்புச் சத்து குருத்து நுனிவரை எட்டாது என்றார். கதவு திறந்த ஆறு நிமிடமும் வெளியின் வறண்ட காற்று உள்ளே நுழைந்திருக்கிறது. குருத்துகள் மூச்சு விட்டிருக்கின்றன.

"உங்க டீ நானூத்திப் பன்னிரண்டு கூடத்தைக் காப்பாத்தியிருக்கு. முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றார். குரலில் கோபம் இல்லை.

வாய்ச்சொல் போதாது, சரிபார்க்க வேண்டும் என்றார். துணை கற்ற காலத்தின் அசல் பதிவுகள் பூட்டியே இருக்கும். பயிர் சேதமானால் மட்டும் திறக்கலாம். இப்போது சேதமாகியிருந்தது. லெனின் ஒன்று கேட்டான். துணைக்கு வேறு குரல் வைக்க முடியுமா என்றான். அவள் சொல்லாததை அவள் சொல்ல வேண்டாம் என்றான். ஹசீனா பேகம் உடனே தலையசைத்தார்.

திங்கட்கிழமை காற்றுக்கூண்டின் கதவு திறந்தபோது யாரோ ஒரு ஆண்குரல் நகத்தைப் பற்றிக் கேட்டது. வெட்டியாச்சு என்று லெனின் பதில் சொன்னான். பதினான்கு மாதத்தில் முதன்முறையாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறான் என்பது உள்ளே போனபிறகுதான் உறைத்தது. தோள் லேசாக இருந்தது.

பாடநூலில் இளைப்பாறுதலை அடித்துவிட்டு, கதவு நேரம், ஆறு நிமிடம், காரணம் வறண்ட காற்று என்று அச்சிட்டார்கள். கதவருகே ஆள் நிற்பது நல்லது, உடம்புச் சூட்டில் காற்று இன்னும் அசையும் என்று யாரோ கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆக, பத்து நாற்பதுக்கு இரண்டு பேர் நிலையருகே நிற்க வேண்டும் என்பது விதியாயிற்று. பாக்கியம் பக்கத்துக் கூடத்து ஆளோடு நின்று தன் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் டீ இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மதியமே பதிவைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பதிவின் கடைசி நாள், அவள் திண்டுக்கல் போன வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பது. விளக்கு மங்கியது. கதவு திறந்தது. அவன் பிளாஸ்க்கோடு வந்தான். இருவரும் ஏதேதோ பேசினார்கள், பெரும்பாலும் வாடகை வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. மணி பார்த்தாள். மூடியை அவன் கையில் திணித்தாள். லெனின் முன்னால் குனிந்து கேட்டான். கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. ஹசீனா பேகமும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவன் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னான்.

"இன்னைக்கும் சர்க்கரை போட மறந்துட்ட. சரி, கதவைச் சாத்திட்டுப் போ லெனின், இப்படித் திறந்து வச்சா செடிக்கு ஆகாது."