அம்மாவின் கை

குந்தூர்மார்க்கா மலையரசில் இறந்துபோனாலும் ராணி ராணிதான். கண் மூடி மூன்று மாதம் ஆகியும், பதப்படுத்திய உடலுக்குக் கம்பளி போர்த்திச் சபையில் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குப் பதிலாகப் பேச ஒக்லோ என்ற பெண் இருந்தாள். எல்லாரும் அவளை 'ராணியின் வாய்' என்பார்கள்.

அன்று அந்த வாய் பேசியதைக் கேட்டு, ராணியின் இளைய மகள், ஒன்பது வயது கில்யா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு விஷம் வெச்சவ என் மூத்த பொண்ணு வாய்ட்டாதான். அவளப் பனிமலைக்கு அனுப்பிடுங்க. நாட்ட என் தம்பி அமாரு பாத்துக்கட்டும்."

பனிமலைக்குப் போன யாரும் திரும்பி வந்ததில்லை.

"அம்மா மேல சத்தியமா நான் இல்ல!" என்று வாய்ட்டா அலறினாள்.

"ராணியே சொல்லிட்டாங்க, அப்புறம் என்னம்மா?" என்று அமாரு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடேயப்பா, என்ன நடிப்பு!

வாசலில் லாமா என்ற சுமை விலங்கின் முதுகில் வாய்ட்டாவின் மூட்டையைக்கூட ஏற்றிவிட்டார்கள்.

கில்யாவுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் ஒக்லோவின் கையைக் கவனித்தாள். அது வெடவெடவென்று நடுங்க, கோப்பையிலிருந்த சோளக் கள்ளு தரையெல்லாம் சிந்தியது. 'ஐயோ, இவங்க நம்மளவிட பயந்து போயிருக்காங்க' என்று நினைத்தாள். எழுந்து அவளிடம் போனாள்.

"ஒக்லோ அத்தை, கடைசி வருஷம் அம்மாவுக்குக் குரலே போயிடுச்சே, ஞாபகம் இருக்கா? நாங்க கையப் புடிச்சுக்கிட்டுதான் பேசுவோம். ஆமான்னா ஒரு அழுத்து. இல்லன்னா ரெண்டு."

"வாண்டு உளறுது, உக்கார வைங்க!" என்று மாமா கத்தினார்.

"நான் உங்ககிட்ட பேசல மாமா."

யாரோ சிரித்துவிட்டு, இருமுவதுபோல் சமாளித்தார்கள்.

"அத்தை, அம்மா கையப் புடிச்சுக்கிட்டு அதையே இன்னொரு தடவ சொல்லுங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

ஒக்லோ அந்த உலர்ந்த கையைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். அப்படியே மண்டியிட்டு விழுந்தாள்.

"அழுத்துறாங்க! ரெண்டு தடவ அழுத்துறாங்க! மன்னிச்சிடுங்க தாயே! அமாருதான் என் மகன அடைச்சு வெச்சுக்கிட்டு, இப்படிச் சொல்லலன்னா கொன்னுடுவேன்னாரு!"

காவலர்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மொதல்ல அத்தை மகனத் திறந்து விடுங்க" என்றாள் கில்யா.

சாயங்காலம் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. அக்காவும் தங்கையும் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா நிஜமாவே அழுத்தினாங்களாடி?"

"தெரியலக்கா. தினமும் நானும் புடிச்சுப் பாக்குறேன். எனக்கு ஒரு தடவகூட அழுத்தல." கில்யா அக்காவின் தோளில் சாய்ந்தாள். "நீயாவது என்கூடவே இருப்பியாக்கா?"

வாய்ட்டா தங்கையின் கையை எடுத்து, ஒரே ஒரு முறை அழுத்தினாள்.