வெறும் தட்டு

கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் திறப்பதற்கு முன்பே திராட்சை வாசனை அடித்தது. தோல் கிழிந்து, அழுகி, ஈ மொய்க்கிற திராட்சை. மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்த ஆய்வகத்தின் புழுக்கத்தோடு சேர்ந்து அந்தத் தித்திப்பு அவள் உள்நாக்குவரை எண்ணெய்ப் பிசுக்காய்ப் படிந்தது. சூடோமோனாஸ் கிருமிதான், சந்தேகமே இல்லை. கொழகொழவென்று பச்சையாக வளரும் அந்தச் சனியனுக்கு இதுதான் வாசனை.

தட்டை முகர்ந்து பார்க்கவே கூடாது என்பது ஆய்வக விதி. அவளோ முகர்ந்தே கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி.

"உங்க மூக்கு இருக்கறப்போ மெஷின் எதுக்கும்மா, தண்டச் செலவு!" என்று ஆய்வக டாக்டரே கிண்டல் செய்வார்.

இன்று கிண்டலுக்கு இடமில்லை. தட்டுகள் எல்லாமே அவள் தன் வீட்டைச் சோதிக்க வைத்தவை. தங்கைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்; நுரையீரலில் சளி பசையாய்க் கட்டிக்கொள்ளும் பிறவி நோய். மருந்து கொடுத்து விரட்டினாலும் இந்தக் கிருமி எங்கிருந்தோ வந்து மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு தடவை வந்தால் பிழைக்கமாட்டாள் என்று தங்கையைப் பார்க்கும் டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். குழாய், தங்கை மருந்தை ஆவியாக உறிஞ்சும் நெபுலைசர், குளியலறைச் சாக்கடை என்று வீட்டில் ஈரம் பட்ட எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து, தட்டுகளில் தேய்த்துவைத்தாள்.

குழாய் சுத்தம். நெபுலைசர் சுத்தம். சாக்கடைகூட சுத்தம்.

பச்சை பிடித்திருந்தது ஒரே தட்டில். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதையும் தேய்க்காமல் வைத்த வெறும் தட்டு. அதைத்தான் தட்டுகளை வைத்த அன்றைக்குப் பழக்க தோஷத்தில் திறந்து முகர்ந்து பார்த்திருந்தாள்.

மேலே இரண்டு வட்டம். கீழே நீளமாக ஒன்று.

இரண்டு மூக்குத்துளை. ஒரு வாய்.

சீ! தட்டை உதறிவிட்டு மூச்சை அடக்கினாள். வாசனை நின்றது. மூச்சை வெளியே விட்டாள். திராட்சை.

தினமும் தங்கையை மடியில் சாய்த்து, முதுகைத் தட்டிச் சளி எடுப்பவள் அவள்தான்.

கதவு திறந்தது.

"அக்கா, குடைய விட்டுட்டு வந்துட்டியே! இந்த மழைல எப்படி வருவ?" தங்கை. கையில் குடை இருந்தும் நனைந்திருந்தாள். மூச்சு இரைத்தது.

'கிட்ட வராதடி!' என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டையில் ஏதோ புரண்டது. வெதுவெதுப்பாக. நாக்கைத் தடவிக்கொண்டு ஏறி, உதட்டைத் தாண்டி, பச்சையாகத் தொங்கியது.

கீழே விழவில்லை.

தங்கை இரும வாயைத் திறந்தாள். தொங்கியது அந்தப் பக்கம் திரும்பியது.