பிரேக்கில் காற்று

பிரேக் பெடல் சூடாக இருந்தது.

மழை விட்ட மாலை. உக்குவளையில் அந்த நேரத்துக்குச் சீமெந்துத் தரைகூடக் குளிர்ந்து காலைக் கடிக்கும். நேற்றுப் பொலிஸிலிருந்து இழுத்து வந்தது முதல் பழைய ஜீப் தார்ப்பாய்ப் படங்குக்கு அடியில்தான் கிடந்தது. என்றாலும் ஹம்சிகா வெறுங்காலை வைத்தபோது, தேய்ந்த அந்த ரப்பரில், யாரோ இப்போதுதான் பாதத்தை எடுத்ததுபோல ஒரு வெதுவெதுப்பு.

அவளுடைய அண்ணன் நிமலனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவான். மூன்று மாதத்துக்கு முன் எல்கடுவ வளைவில், இதே ஜீப்பில் பாறையில் மோதிச் செத்தபோதும் அவன் காலில் செருப்பு இல்லை.

"பயப்படாத ஹம்சி," ஜீப்புக்குக் கீழேயிருந்து அவள் கணவன் திலீபன் சொன்னான். "அமுத்துன்னா அமுத்து. விடுன்னா விடு. நான் சொல்லாம காலை எடுத்திடாத, என்ன?"

பிரேக் என்பது குழாய் நிறைய எண்ணெய், அவ்வளவுதான். எண்ணெய் நசுங்காது. இங்கே பாதம் தள்ளினால் அந்தத் தள்ளல் அப்படியே போய் அங்கே உருளும் சில்லைப் பிடித்து நிறுத்தும். காற்று அப்படியல்ல, நசுங்கும். ஒரு குமிழி புகுந்துவிட்டால் பாதம் கொடுக்கும் பலத்தையெல்லாம் அதுவே விழுங்கிவிடும். அதனால் ஒருவர் பெடலை அமுத்திப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்து, சில்லுக்குப் பின்னாலுள்ள நிப்பிள் என்ற சிறு திருகைத் திறந்து குமிழியை வெளியே விட்டு மூடுவார். மூடுமுன் பாதம் எழுந்தால் போன காற்று திரும்பி வந்துவிடும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குரலை நம்பித்தான் எல்லாம்.

ஜீப்பின் மூக்குப் பக்கம் முற்றம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. திலீபன் பின்சில்லுக்கு முன்னால் படுத்திருந்தான்.

"சில்லுக்குக் கல்லு வைக்கலையாங்க?"

"கியர்லதானே இருக்கு. அந்தச் செவப்புக் குமிழ் லீவரை மட்டும் தொட்டுறாத. அது நடுவுக்கு வந்தா கியர் இருந்தும் இல்லாத மாதிரிதான், வண்டி சும்மா உருளும்."

அமுத்து. விடு. அமுத்து. விடு. படங்கிலிருந்து சொட்டும் நீர், ஸ்டேஷன் பக்கம் தேய்ந்து மறையும் ரயிலின் ஓசை, பிரேக் எண்ணெயின் குமட்டும் வாடை. கீழே எரிந்த டோர்ச்சின் வெளிச்சத்தில் சில்லின் நிழல் பலாமரத்தின்மேல் பெரிதாக ஏறி நின்றது.

"ச்சே, இந்த ஸ்பேனர் வழுக்குது. சீட்டுக்குப் பின்னால சாக்குக்கு அடியில சின்னது ஒண்ணு கெடக்கும், எடு. அன்னைக்கு அங்கதான் போட்டேன்."

"என்னைக்கு?"

கீழே ஸ்பேனர் மறுபடி வழுக்கி இரும்பில் உரசியது.

சாக்குக்கு அடியில் ஸ்பேனர் இருந்தது. அதைச் சுற்றியிருந்தது திலீபனின் பழைய நீலச் சட்டையிலிருந்து கிழித்த கைத்துண்டு. உள்ளே, நிப்பிளை மூடும் சின்ன ரப்பர்த் தொப்பி ஒன்று.

"ஏங்க, அண்ணன் சாகுறதுக்கு முந்தி இந்த வண்டியத் தொடவே இல்லன்னு பொலிஸ்ல சொன்னீங்களே?"

"அவன்தான் அவசரப்படுத்தினான். மழை வேற. கடைசி நிப்பிள இறுக்கிட்டேன்னுதான் நெனச்சேன், ஹம்சி."

"அப்ப குடிச்சிருந்தான்னு ஏன் சொன்னீங்க?"

சொட்டு. சொட்டு.

"அத நம்பி நான் கருமாதிக்குக்கூடப் போகலங்க. செத்த வீட்டுல 'அவரு குடிக்கவே மாட்டாரு, ஒனக்குத் தெரியாதா'ன்னு அனுஷியா அண்ணி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. நான் கைய உருவிக்கிட்டு வந்துட்டேன்."

"ஸ்பேனரக் குடு," என்றான் திலீபன்.

எண்ணெய் படிந்த கை ஒன்று கதவோரம் நீண்டது. மூன்று மாதமாக அவள் கண்ணீரைத் துடைத்த கை. கொடுத்தாள்.

"அமுத்து."

அவள் அமுத்தவில்லை. இரண்டு கால்களையும் சீட்டின்மேல் இழுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பெடல் இறங்கியது.

"ம். அப்படியே பிடி."

பெடல் அங்கேயே நின்றது. அதன்மேல் யாரும் இல்லை. ரப்பர் மட்டும் மெல்ல நசுங்கியிருந்தது.

"விடு."

எழுந்தது. உடனே இறங்கியது. எழுந்தது. இறங்கியது. வேகமாக. இன்னும் வேகமாக. பள்ளத்தில் பாயும் வண்டியில், பிரேக் பிடிக்காத ஒருவன் மிதிப்பதுபோல.

"ஏய், அவசரப்படாத! நிப்பிள மறுபடி திறந்துட்டேன்!"

அவள் பக்கத்தில் ஏதோ அசைந்தது. சிவப்புக் குமிழ்.

நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. நிதானமாக. ஒரு விரல்கடை. இன்னொன்று.

கத்தியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. வாய் திறந்தும் இருந்தது. அனுஷியா அண்ணியிடமிருந்து உருவிய கைதான் நினைவில் வந்தது.

கிளிக்.

பலாமரத்தில் நிழல் நகர்ந்தது. ஜீப் ஒருமுறை மெத்தென்று எதன்மேலோ ஏறியது. நின்றது.

டோர்ச் உருண்டு அணைந்தது.

எண்ணெய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. நிப்பிள் திறந்தே இருந்தது. பிரேக் பிடிக்க வழியே இல்லை.

என்றாலும் பிரேக் பிடித்திருந்தது.

"விடு..." கீழேயிருந்து காற்றுப்போல வந்தது குரல். "ஹம்சி... காலை எடு... விடு..."

அவள் குனிந்து பெடலை இரண்டு கைகளாலும் பற்றி மேலே இழுத்தாள். சுட்டது. அசையவில்லை.

"விடு..."

அவளுடைய விரல்களுக்கு நடுவே, அந்தத் தேய்ந்த ரப்பரில், ஐந்து கால்விரல்களின் குழி ஆழமாகிக்கொண்டே போனது.