நீலம் கரைந்த தண்ணீர்

"மதினி! மறுபடியும் தண்ணி நின்னு போச்சு! எட்டு மணிகூட ஆகல... நான் எப்படி ஆபீசுக்குப் போவேன்?"

முகமெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து கத்தினான் பிச்சையா. தோசை ஊற்றிக்கொண்டிருந்த சொர்ணம்மாள், குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

1986 மே மாதம். பம்பாய், செம்பூரில் அந்தக் கட்டடத்துக்கு விடிகாலையில் நாற்பது நிமிடந்தான் தண்ணீர். மூன்றாம் மாடி வீட்டின் பரணில் இருந்த இரும்புத் தொட்டி அதற்குள் நிரம்பிவிடும். சொர்ணம்மாள், அவள் கணவர் கணேசபாண்டியன், அவருடைய தம்பி பிச்சையா, எட்டு மாதக் கர்ப்பிணியான தம்பி மனைவி வடிவு என்று நால்வருக்கும் அது படுக்கப் போகும்வரை காணும். ஒரு வாரமாகத்தான் இந்தக் கூத்து!

"எதுத்த வீட்டுக்கு நீ குடம் குடமாத் தூக்கிக் குடுக்கியாம்" என்றார் கணேசபாண்டியன், சட்டைப் பித்தானைப் போட்டபடி.

"ஒரே ஒரு குடம்ங்க... அதுவும் போன மாசம்..."

"போதும்! இனிமே தண்ணிப் பொறுப்பு வடிவு கையில. நீ பைப்பத் தொடாத!"

இருபது வருடம் குடித்தனம் செய்தவளுக்குக் கிடைத்த மரியாதை! வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். பத்து வயதில் தாயை இழந்து பம்பாய் வந்த பிச்சையாவுக்காக, தாராவிக் குழாயடியில் மணிக்கணக்காக நின்று தண்ணீர் பிடித்தவள் சொர்ணம்மாள். தனக்கென்று பிள்ளை இல்லை. அவனையே பிள்ளையாக வளர்த்தாள். அதையெல்லாம் இப்போது யாரிடம் சொல்வது?

மூன்று நாள் கழித்து, மத்தியானம், படிக்கட்டிலிருந்து "ஐயோ அக்கா!" என்ற அலறல். சொர்ணம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் கொட்டி, பால்டி உருண்டு கிடந்தது.

"தொட்டி இன்னிக்கும் காலி அக்கா... என்னையும் திட்டுவாங்களோன்னு கீழ தரைத் தொட்டிக்குப் போயித் தண்ணி தூக்கிட்டு வந்தேன்..."

ஆஸ்பத்திரியில் டாக்டர், குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஒருநாள் இருக்கட்டும் என்றார். சொர்ணம்மாளுக்கு மூச்சு வந்தது. ஆனால் வராந்தாவில் பிச்சையா அவள் முன்னால் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"பொறுப்ப வடிவுட்ட குடுத்துட்டாங்கன்னு வேணும்னே தொறந்து விட்டீங்களா? நெசத்தச் சொல்லுங்க மதினி! நாங்க வடாலாவுல தனி வீடு பாத்துப் போயிருதோம்!"

சொர்ணம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆண்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனதும், அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாக் குழாயையும் இறுக மூடினாள். நிரம்பியிருந்த தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் கரியால் கோடு போட்டாள். இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். ஒவ்வொரு குழாய்க்கு அடியிலும் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. சுவரைத் தடவினாள். காய்ந்துதான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே!

அப்படியானால் எங்கே போகிறது...?

மிச்சமிருந்தது கக்கூஸ்தான். சங்கிலி இழுக்கும் ஃப்ளஷ் பெட்டிக்கும் அந்தத் தொட்டியிலிருந்துதானே தண்ணீர் வருகிறது! துணிக்குப் போடும் நீலத்தை எடுத்து வந்தாள். முக்காலிமேல் ஏறிப் பெட்டிக்குள் ஊற்றினாள். சங்கிலியைத் தொடவில்லை. கீழே குனிந்து பார்த்தாள். சற்று நேரத்தில் வெள்ளைப் பீங்கானின் பின்பக்கம், சத்தமே இல்லாமல், நீலமாக வழிந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பகலில் வடிவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அவளைக் கட்டிலில் படுக்க வைத்ததும், ஆண்கள் இருவரையும் சொர்ணம்மாள் கூப்பிட்டாள். அவர்கள் கண்ணெதிரே மறுபடியும் நீலத்தை ஊற்றினாள்.

பிச்சையா பெட்டிக்குள் கைவிட்டு, மிதவை மூடும் வாயைத் தடவிப் பார்த்தான். தேய்ந்து போன ரப்பர் வாஷர் விரலோடு பிய்ந்து வந்தது.

"இந்தத் துண்டுதானா...! மூடாம, ராப்பகலா ஓடிட்டே இருந்திருக்கு மதினி..." அப்படியே அவள் காலில் விழுந்தான். "என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்... என்னைய அடிங்க மதினி!"

அவள் அவனைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"சின்னவன், பதட்டத்துல பேசிட்டான். நீங்க...? என்னைய நம்புததுக்கு ஒங்களுக்கு நீலம் வேண்டியிருந்துச்சு, இல்லியா?"

கணேசபாண்டியன் நீலம் வழிவதையே பார்த்தார். "தப்புதான் சொர்ணம்... பெரிய தப்பு."

"மனசு ஆறும்ங்க. ஆனா நாளாவும்."

கட்டிலில் வடிவு விம்மிக்கொண்டிருந்தாள். சொர்ணம்மாள் போய் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "ஒங்கள விட்டுட்டு நான் வடாலாவுக்கெல்லாம் போமாட்டேன் அக்கா!" என்று அவள் தோளில் முகம் புதைத்தாள் வடிவு. சொர்ணம்மாளின் கை அவள் வயிற்றின்மேல் இருந்தது. உள்ளே குழந்தை புரண்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிலைப்படியில் விசித்தபடி நின்ற பிச்சையாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அழுதுட்டே நிக்கியேல... தண்ணி ஓடிட்டே இருக்குல்லா! ஓடிப்போயி வாஷர் வாங்கிட்டு வா!"