பின் வார்டின் தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் இருந்தது.

ரூபிகா படிவத்தைப் புரட்டினாள். 'எல்லாக் கதவுகளும் உள்ளிருந்து திறக்கும்.' போன வருஷம் அதற்கு எதிரே சரி போட்டவள் அவளேதான். மண்சரிவில் ரோடு அடைபட்டிருந்தது. இந்த முதியோர் இல்லத்து மேனேஜர் ஜெயகாந்தன் போனில் அனுப்பிய பத்துப் படங்களைப் பார்த்து, ஹட்டன் ஆபீசில் உட்கார்ந்தபடியே பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டாள். வந்து பார்க்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரிகளைத் திட்டியே தோட்டத் தொழிலாளர் லயத்தில் படித்து முன்னேறியவள். லயத்தின் முதல் பட்டதாரி. இன்று இந்தத் தாழ்ப்பாளைப் பற்றி அறிக்கையில் எழுதினால் வேலை போகும். எழுதாவிட்டால் அவளும் அவர்களில் ஒருத்தி.

"இந்த வார்டுல யாரு இருக்காங்க, சேர்?"

"யாருமில்ல மிஸ். போன மழையோட மூடியாச்சு." ஜெயகாந்தன் சிரித்தான். "சந்தேகம்னா படம் எடுத்து அனுப்பட்டா? போன தடவ மாதிரி?"

அவளுக்கு முகம் சுட்டது. "தீ ஒத்திகை பார்க்கணும். மணி அடிங்க."

மூன்று மணிக்கே பனி இறங்கித் தேயிலையை மூடியிருந்தது. பழைய பங்களாவின் தகரத்திலிருந்து சொட்டும் நீரும், நனைந்த கம்பளியும், மூட்டுவலித் தைலமும், அவற்றுக்கெல்லாம் அடியில் எங்கோ மெத்தைப் பஞ்சு கருகிய வாடையும் சேர்ந்து அவள் தொண்டையில் ஒட்டின. மணி அடித்ததும் கிழவர்களும் கிழவிகளும் ஓடவில்லை. கொழுந்தெடுத்த காலத்தில் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு நின்றதுபோல முற்றத்தில் வரிசை கட்டினார்கள். வார்டைக் கவனிக்கும் நாகலெட்சுமி ரெஜிஸ்டரைத் திறந்து பேர் கூப்பிட்டாள். வாசலில் ரூபிகாவையும் அதே ரெஜிஸ்டரில்தான் பேர் எழுத வைத்திருந்தார்கள்.

"அழகுமுத்து."

"இருக்கேங்க."

"மீனம்மா."

"இருக்கேங்க."

பதினெட்டுப் பேர். பதினெட்டுக் குரல். ரூபிகா தலைகளை எண்ணினாள். பதினைந்து. மறுபடி எண்ணினாள். பதினைந்து.

ரெஜிஸ்டரின் கடைசிப் பேரில் விரல் வைத்தாள். "அக்கா, இன்னொருக்கா பேச்சியம்மாவக் கூப்பிடுங்க."

"பேச்சியம்மா."

"இருக்கேங்க."

வரிசையில் ஒரு உதடும் அசையவில்லை. குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பின் வார்டிலிருந்து.

"பேச்சியம்மா எங்க அக்கா?"

நாகலெட்சுமி ஜெயகாந்தனைப் பார்த்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"போன மழையில, புகையில போயிட்டாங்க மிஸ்," என்றாள் நாகலெட்சுமி. " மூணு பேரும். ஹீட்டர் பத்திக்கிச்சு. எந்திரிச்சு எங்கயாச்சும் போயிருவாங்கன்னு வெளிய தாழ்ப்பா போட்டிருந்தோம்."

"செத்தவங்க பேரு ஏன் இன்னும் ரெஜிஸ்டர்ல இருக்கு?"

"பெரட்டுல குரல் குடுக்குறாங்களே மிஸ். குரல் குடுக்குறவங்க பேர எப்படி வெட்டுறது?"

பொய். பச்சைப் பொய். மூன்று பேரை உயிரோடு உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு கதை சொல்கிறார்கள். கோபம் அவளைப் பனிக்குள் தள்ளியது. ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். உள்ளே போனாள்.

"பேச்சியம்மா?"

மூன்று இரும்புக் கட்டில்கள். மெத்தை இல்லை. சுவரெல்லாம் கரி. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். கண்ணாடி கறுத்திருந்தது, அவள் கையெழுத்து இருந்த இடம் மட்டும் துடைத்தாற்போல் சுத்தம்.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே, தாழ்ப்பாள் விழுந்தது.

தள்ளினாள். அசையவில்லை. கதவின் உள்பக்கத்தில், முழங்கால் உயரத்துக்குக் கீழே, நகம் கீறிய தடங்கள். தவழ்ந்தவர்களின் உயரம். புகை. எங்கிருந்தோ புகை. கத்தினாள். சத்தம் வரவில்லை. இருமல்தான் வந்தது.

முற்றத்தில் நாகலெட்சுமியின் குரல் கேட்டது.

"வந்தவங்க பேரும் கூப்பிடணும்ல. ரூபிகா."

நான் இங்கே. இங்கே. கதவில் அறைந்தாள்.

"ரூபிகா?"

முற்றத்திலிருந்து, தெளிவாக, அவளுடைய குரலிலேயே பதில் போனது.

"இருக்கேங்க."

"எல்லாரும் இருக்காங்க," என்றான் ஜெயகாந்தன். "கலைஞ்சு போங்க."

காலடிகள் தேய்ந்தன. ரூபிகா மண்டியிட்டாள். கதவைக் கீறினாள்.

அவள் கைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று ஜோடிக் கைகள் கீறிக்கொண்டிருந்தன.