திரும்பி வரும் குழாய்

கண்ணாடி ஃபில்டரின் அடியில் ஒரு ஸ்பூன் அளவு தண்ணீர் நின்றது.

வெய்ன் நிஸ்கலா, காரின் பானெட்டுக்குள் தலையை விட்டு, கைவிளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். மேலே பெட்ரோல், வெளிறிய மஞ்சளாக. அதற்குக் கீழே தண்ணீர், நிறமே இல்லாமல், பெட்ரோலோடு ஒட்டாமல், தனி உருண்டையாக நடுங்கிக்கொண்டிருந்தது. பம்ப் நின்று ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஷெட்டில் வேறெதுவும் அசையவில்லை. அது மட்டும் நடுங்கியது.

தண்ணீர் வர வழியே இல்லை. இரண்டு வருஷமாக இந்த அறுபத்தேழாம் வருஷத்து இரண்டு கதவுக் காரைப் பிரித்து, பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது எஞ்சினை இறக்கியவன் அவன். பழையது ஆறு சிலிண்டர். கார்புரேட்டர் உறிஞ்சுகிற அளவுக்கு, ஏதோ சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் போனால் போதும். புதிய எட்டு சிலிண்டருக்கு அது காணாது. ஐம்பத்தெட்டு பவுண்டு அழுத்தத்தில் பீய்ச்சியடிக்க வேண்டும். அதற்காகப் பழைய டேங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளேயே பம்ப் வைத்த எவர்சில்வர் டேங்க் ஒன்று வாங்கிப் போட்டான். பெட்ரோல் போக ஒரு குழாய். எஞ்சின் குடித்தது போக மிச்சம் டேங்குக்குத் திரும்பி வர இன்னொரு குழாய். திரும்பி வருவது எப்படியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க, அந்தக் குழாயில் இந்தக் கண்ணாடி ஃபில்டர். பெட்ரோல் தொடுகிற ஒவ்வொரு அங்குலமும் புதுசு. எஞ்சினை இன்னும் ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யவில்லை. குழாய்களைக் கழுவ, பம்பை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டிருந்தான்.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஏர்னிக்குப் போன் செய்தான். ஏர்னி ஸ்குபிக் அவனோடு இருபத்தாறு வருஷம் இரும்புச் சுரங்கத்தின் லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன்.

"ஏர்னி, புது டேங்க்ல தண்ணி சேருமா?"

"உன் டேங்க்லயா, வண்டி டேங்க்லயா? நம்ம வயசுக்கு ரெண்டுலயும் சேரும்டா."

"வெளையாடாத."

"சரி சரி. பங்க்ல கலந்திருக்கும். இல்லாட்டி ஷெட்ட அடுப்பு மாதிரி சூடா வச்சிருக்கல்ல, டேங்க் உள்ளுக்குள்ள வேர்த்திருக்கும். வடிச்சுக் கொட்டிட்டு வேற எடத்துல வாங்கி ஊத்து. நாளைக்குத்தான மார்லிஸ் வர்றா?"

"நாலு மணிக்கு. அவதான் மொதல்ல சாவியத் திருப்பணுமாம்."

"திருப்பட்டும். அதுக்கு ஏன் பல்லுப் புடுங்கப் போறவன் மாதிரி பேசுற?"

வெய்ன் போனை வைத்தான்.

டேங்கை வடித்து, குழாய்களைக் காற்றடித்துக் காயவைத்து, பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த வேறொரு பங்க்கில் ஐந்து கேலன் வாங்கி வந்து ஊற்றினான். மணி மூன்றரைதான். ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரிப் பனி அதற்குள் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற ஷெட் அது. மைனஸ் இருபதிலும் அங்கே வெறுங்காலோடு நடக்கலாம். காங்கிரீட் உள்ளங்காலுக்கு இதமாகச் சுடும். புது ரப்பர் வாசனையும் பெட்ரோல் நெடியும் ஈரக் கம்பளிச் சட்டை காய்கிற வாடையும் அந்தக் கதகதப்பில் கலந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. மூக்கு அதைக் கண்டுகொண்டதும் அவன் வாயால் மூச்சு விட ஆரம்பித்தான். பல்லில் நாணயத்தை வைத்துக் கடித்தது போன்ற, குளிர்ந்த இரும்பின் வாசனை.

பம்பை ஓட்டினான். அது சீராக முனகியது. ஃபில்டரில் பெட்ரோல் ஏறி, தெளிந்து, சிவந்தது.

துரு, என்று முதலில் நினைத்தான். எவர்சில்வர் டேங்கில் ஏது துரு? நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றி, அடியில் படிந்ததை விரலால் தொட்டுப் பார்த்தான். துருவாக இருந்தால் நறநறக்கும். இது மாவு போல வழுக்கியது. களிமண். ரத்தச் சிவப்பில், மெல்லிய களிமண்.

அந்த மண்ணை அவனுக்குத் தெரியும். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவன் கைகள் ஓயவில்லை. போகிற குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்தான்: சுத்தமான பெட்ரோல். மாட்டிவிட்டு, திரும்புகிற குழாயை ஒரு வாளியில் விட்டான்: பாதி பெட்ரோல், பாதி சிவப்புத் தண்ணீர். இடையில் இருப்பது ஒரு முழ நீளக் குழாயும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு சின்ன உருளையும்தான். அதைப் பிரித்தான். உள்ளே ஒன்றுமில்லை. மறுபடி பூட்டினான். டேங்கிலிருந்த ஐந்து கேலனையும் ஓடவிட்டான். வாளிகளை அடையாளக் கோடு வரை நிரப்பி வரிசையாக வைத்தான்.

ஏழு கேலன் வந்திருந்தது.

திரும்புகிற குழாயின் மேல் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. தொட்டதும் விரல் நுனி ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது. கடைசி வாளியில் ஏதோ மிதந்தது. குச்சியால் எடுத்து விளக்கில் பிடித்தான். ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல். இரட்டை இழையாக முறுக்கியது, பின்னலின் நெளிவு மாறாமல்.

வெய்ன் முக்காலியில் உட்கார்ந்தான்.

டென்னியின் சிவப்புக் கம்பளிக் கையுறைகளை மார்லிஸ்தான் பின்னினாள். டென்னி அவனுடைய தம்பி, அவளுடைய கணவன். இந்த வண்டியின் சொந்தக்காரன்.

ஹடாலா குழி என்று ஊரில் சொல்வார்கள். தாது தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்கம். தண்ணீர் ஏறி ஏரியாகிவிட்டது. கரையை ஒட்டி முப்பதடி ஆழத்தில் ஒரு திட்டு. அதைத் தாண்டினால் முந்நூறடி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச்சில், உறைந்த ஏரியின் மேல் வண்டியைச் சுழற்றி விளையாட டென்னிக்கு ஆசை வந்தது. பனி உடைந்தது. மே மாதம் வண்டியைத் திட்டிலிருந்து தூக்கினார்கள். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. சீட்டில் சிவப்புச் சேறு. டென்னி இல்லை. முந்நூறடிக்குப் போய்த் தேட முக்குளிப்பவர்கள் மறுத்துவிட்டார்கள்.

"நான் போய்ச் சேர்றப்போ பனியில ஓட்டை மட்டுந்தான் இருந்துச்சு." போலீஸிடமும் மார்லிஸிடமும் வெய்ன் சொன்னது இதைத்தான்.

உண்மையில் அவன் கடப்பாரையோடு வண்டிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். கரையோரம் நாலு இடத்தில் குத்திப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. நடுவில் குத்தவில்லை. கை விறைத்திருந்தது, பீர் வண்டிக்குள் இருந்தது. திரும்பி நின்று, இரண்டு கைகளாலும், வா வா என்று கூப்பிட்டான். டென்னி சிரித்துக்கொண்டே வந்தான்.

நூலைச் சமையலறை அடுப்பில் போட்டு எரித்தான். அது எரிய வெகு நேரம் பிடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு முடிவோடு ஷெட்டுக்குள் போனான். திரும்பி வருவதுதானே தொல்லை. திரும்புகிற குழாயே வேண்டாம். இரும்பு ரம்பத்தை எடுத்து, எஞ்சினிலிருந்து ஒரு முழம் தள்ளி அதை அறுத்தான். டேங்க் பக்கத்துத் துண்டை முழுக்க உருவி வெளியே பனியில் வீசினான். எஞ்சின் பக்கத்தில் தொங்கிய முனைக்கு மூடி போட ஸ்பானரை எடுக்கப் போனபோதுதான் அந்தச் சத்தம்.

அடிவயிற்றில் உணர்கிற மாதிரி ஒரு முழக்கம். தூரத்தில். அப்புறம் நீளமாக ஒரு கம்பி அதிர்வது போல ஒரு ஓலம். ஏரியில் பனி இறுகும்போது அப்படித்தான் கத்தும். ஏரி ஒன்பது மைல் தள்ளி இருந்தது.

குனிந்தான். அறுத்த முனையில் காதை வைத்தான்.

முழக்கம். ஓலம். பிறகு, மிக ஆழத்திலிருந்து, தட்டுகிற ஓசை. ஒரே இடத்தில் அல்ல. தட்டித் தட்டி நகர்கிறது. இருட்டில் சுவரில் கதவைத் தேடுகிறவன் தட்டுவது போல.

மூடியைத் திருகினான். இன்னும் இறுக்கினான். மரை நெரிபடும்வரை இறுக்கினான். பம்புக்கு மின்சாரம் தருகிற ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இனி பம்ப் ஓடாது. பம்ப் ஓடாமல் எஞ்சின் ஓடாது. ஏதாவது கோளாறு என்று மார்லிஸிடம் சொல்லிவிடலாம்.

போனை எடுத்தான். அவள் எடுக்கவில்லை. வாசலில் டயர் பனியை நசுக்குகிற சத்தம் கேட்டது. மணி மூன்றுதான்.

மார்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எங்கேயும் முன்கூட்டியே போய் நிற்கிற பழக்கம். ஒரு கையில் ஏலக்காய் ரொட்டி, மறு கையில் காபி பிளாஸ்க். இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்பக்கத் தகட்டை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள்.

"என்ன வெய்ன், ஆளு இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க? ஒழுங்கா சாப்பிடுறீங்களா இல்லையா?"

"மார்லிஸ், இன்னைக்கு வேண்டாம்மா. பெட்ரோல் லைன்ல ஒரு சிக்கல்."

"ரெண்டு வருஷமா இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள்னுதான் சொல்றீங்க." அவள் கோபப்படவில்லை. "ஓடலன்னா ஓடல. உக்காந்து சாவியத் திருப்பிப் பாத்துட்டுப் போறேன். அவ்வளவுதான். எனக்குன்னு அடக்கம் பண்ண வேற எதுவும் குடுக்கலயே யாரும்."

வெய்ன் சாவியை அவளிடம் கொடுத்தான். சட்டைப்பையில் கையை விட்டு ரிலேயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருந்தது. ஷெட்டின் பெரிய கதவை ஓரடி உயர்த்திவிட்டு வந்தான், புகை போவதற்கு என்று. அதன் வழியாகக் குளிர் தரையோடு ஊர்ந்து வந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள்.

பம்ப் முனகியது.

வெய்ன் பையிலிருந்த கையை எடுக்கவில்லை. ரிலே அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது. டேங்க் முனகிக்கொண்டிருந்தது.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. அருமையான சத்தம். தகரக் கூரை அதிர்ந்தது. சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் கிலுகிலுத்தன. கண்ணாடிக்குப் பின்னால் மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனும் சிரித்தான்.

மூடி தெறித்தது.

அறுத்த முனையிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. பெட்ரோல் நெடி துளியும் இல்லை. சிவப்பாகக் கொஞ்சம், பிறகு கறுப்பாக, பிறகு தெள்ளத் தெளிவாக, கைத்தடி கனத்துக்குக் கொட்டியது. வண்டிக்கு அடியில் பரவியது. மேஜைக் கால்களைச் சுற்றியது. அவன் பூட்ஸைத் தொட்டது.

"நிறுத்தும்மா," என்றான். அவனுக்கே கேட்கவில்லை.

தரை சுடுகிற தரை. தண்ணீர் அதன் மேல் உறைந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, மொறுமொறுவென்று, கண் பார்க்கப் பார்க்க. வெள்ளைப் பனி அல்ல. கறுத்த, கண்ணாடிப் பனி. ஆழமான தண்ணீரின் மேல் மட்டும் உறைகிற பனி.

எஞ்சின் தானாக நின்றது.

காலைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. பூட்ஸ் கணுக்கால்வரை இறுகியிருந்தது. கயிற்றைப் பிரிக்கக் குனிந்தான். குனிந்ததும் கீழே பார்த்தான். காங்கிரீட் இல்லை. கறுப்பு. அடியே தெரியாத கறுப்பு. அதில் வெகு கீழே, வெளிறிய ஏதோ ஒன்று, மெதுவாக, மேலே.

மார்லிஸ் கதவைத் திறந்து இறங்கினாள். அவள் கால் வழுக்கவில்லை.

"யாரோ தட்டுறாங்க," என்றாள்.

"மார்லிஸ், வீட்டுக்குள்ள போ. தயவுசெஞ்சு போயிரு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் மண்டியிட்டாள். கையால் பனியைத் துடைத்தாள், ஜன்னலைத் துடைப்பது போல வட்டமாக. அந்த இடத்துக்கு நேர் கீழே ஓர் உள்ளங்கை வந்து பதிந்தது. ஐந்து விரலும் விரிந்து. வெளுத்து. இன்னொன்று. அவற்றுக்கு நடுவே முகம் என்று சொல்லக்கூடிய ஒன்று, கறுப்புக் கண்ணாடியில் அழுந்தித் தட்டையாகி, வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டு.

மார்லிஸ் அலறவில்லை. பக்கவாட்டில் தலையைச் சாய்த்தாள். கன்னத்தைப் பனியில் வைத்தாள். காதை அந்த வாய்க்கு நேராக.

கீழே வாய் அசைந்தது. நிறுத்தாமல் அசைந்தது.

அவள் கேட்டாள்.

"ம்," என்றாள். சற்றுப் பொறுத்து, "ம்."

வெய்ன் பூட்ஸின் முடிச்சைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நகம் உடைந்தது. முடிச்சு உறைந்திருந்தது.

"ம்," என்றாள் மார்லிஸ். அவளுடைய கண்கள் மெதுவாகத் திரும்பின. கன்னம் பனியோடு ஒட்டியபடியே, இமைக்காமல், அவனையே பார்த்துக்கொண்டு, அவள் தொடர்ந்து உம் கொட்டினாள்.