மூன்றாவது வளையம்

பையைத் தூக்கியபோது கல் சூடாக இருந்தது.

கொதிக்கும் சூடு இல்லை. பூனை படுத்து எழுந்துபோன நாற்காலியில் மிஞ்சுமே, அவ்வளவுதான். ஆனால் கற்களை வைக்கும் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, நாள் முழுக்க ஏசி ஓடும், இரும்பு அலமாரியைத் தொட்டாலே விரல்நுனி மரத்துப்போகும். அவன் பக்கத்தில் இருந்த இன்னொரு பையைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது. திரும்ப இதைத் தொட்டான். பையில் ஒட்டியிருந்த சீட்டில் மனைவியின் கையெழுத்து; கல்லைப் பெயர்க்கும் முன்பே எழுதிவிடுவது அவள் வழக்கம். எண், இடம், திசை, தேதி. அவள் இறந்த தேதி.

“மாமா, கல்லு தானா நடந்து வருமா, இல்ல நான் வந்து தூக்கணுமா?” அடுத்த அறையிலிருந்து மச்சினன் கத்தினான்.

“வர்றேன் மாப்ள.”

அந்த ஆய்வுக்கூடத்தில் மூன்று பேரும் வேலை பார்த்தார்கள். அவள் மலைகளில் அலைந்து கல் கொண்டுவருவாள். அவன் அதை உடைத்து, பொடித்து, சலித்து, உள்ளே இருக்கும் சிர்கான் மணிகளைப் பிரிப்பான். மணலைவிடச் சிறிய மணிகள். அவள் தம்பி அவற்றுக்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து கல்லின் வயதைச் சொல்வான். இப்போது இரண்டு பேர். அவள் இறந்த அதே வாரம் தம்பி ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். “ஒத்தையா இருந்தா நீங்க சாப்பிட மாட்டீங்க” என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கேட்கும் ஒரே குரல் அவனுடையது. குளிக்கும்போது பாடுவான், டிவியைத் திட்டுவான், தூக்கத்தில்கூடப் பேசுவான். அந்தக் குரல் போய்விடக் கூடாது. இவனுக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்காகவே பதினொரு மாதமாக ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தான்.

கல்லை மேஜையில் வைத்தான். நைஸ் பாறை. கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாகப் போகும். ஆதியில் அது சாதாரண கிரானைட். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், உருகிவிடாத அளவுக்கு வேகவைத்து, மேலே மலைகளை ஏற்றி அழுத்தினால், உள்ளே சிதறிக் கிடந்த கறுப்பு ஒரு பக்கமும் வெளுப்பு ஒரு பக்கமுமாக ஒதுங்கி வரிசையாகப் படுத்துவிடும். “மாவு பிசையற மாதிரிதான். என்ன, கல்லு முழிச்சிட்டு இருக்கும்” என்பாள் அவள்.

மச்சினன் ஒரு தாளை நீட்டினான். போன மாதம் இதே கல்லின் மறுபாதியை உடைத்து எடுத்த கணக்கு.

“பாருங்க. மணிக்கு நடுவுல முந்நூத்தி அறுபது கோடி வருஷம். அதைச் சுத்தி ஒரு வளையம், இருநூத்தி அம்பது கோடி. கல்லு ரெண்டாவது தடவ வெந்தப்போ வளர்ந்தது. அதுவரைக்கும் சரி. அதுக்கும் வெளிய மூணாவதா ஒண்ணு இருக்கு.”

“அது எவ்வளவு?”

“பூஜ்யம். ஈயமே இல்ல. நேத்து பொறந்த பிள்ளை.”

“உன் மெஷின்ல கோளாறா இருக்கும்.”

“எம் மெஷினைச் சொல்லாதீங்க. நீங்கதான் கிரஷரைத் துடைக்காம விட்டிருப்பீங்க. முன்னாடி உடைச்ச கல்லோட தூசி ஒட்டியிருக்கும். பேராசிரியர் அப்படித்தான் சொல்றார். மிச்சப் பாதியை ஒழுங்கா உடைச்சுக் கொடுத்தா அக்கா பேரு முதல்ல வர்ற மாதிரி கட்டுரை அனுப்பலாம். இல்லன்னா குப்பை.”

அவன் துடைத்துத்தான் இருந்தான். கம்பித் தூரிகை, காற்று, அசிட்டோன், பிறகு வெள்ளைக் குவார்ட்ஸை இரண்டு தரம் அரைத்துக் கொட்டியிருந்தான். அதுவும் போக, தூசி கலந்தால் வேறு மணிகள் வரும். இருக்கிற மணியின் மேல் வளையம் ஏறாது. அளந்த நாற்பது மணிகளிலும் ஒன்றுபோல ஏறாது. இது மச்சினனுக்கும் தெரியும். ஒரு சிர்கான் மணி சும்மா வளையம் போடாது. தாங்க முடியாத ஒன்று நடந்தால்தான் போடும்.

அவன் கிரஷரை மறுபடி துடைத்தான். இரண்டு இரும்புத் தகடுகள், ஒன்று அசையாது, மற்றது முன்னும் பின்னும் போய் மெல்லும். கல்லைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினான்.

மோட்டார் எழுந்து, பெல்ட் இழுபட்டு, சக்கரம் வேகம் பிடித்து, தரை அதிர்ந்து, அந்த அதிர்வு செருப்பின் வழியாகக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் பல்லுக்கும் ஏறியபோது, எப்போதும் போல அவனுக்கு அந்தப் பாறைச்சரிவு நினைவுக்கு வந்தது. அவள் மண்டியிட்டு உளியைப் பிடித்திருந்தாள். அவன் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தான். மேலே ஒரு பலகைப்பாறையில் விரிசல் ஓடியதை அவள் பார்த்துவிட்டாள். “போதும்” என்றாள். கல் பெயர்ந்து வருகிற பக்குவத்தில் இருந்தது. அவன் இன்னொன்று அடித்தான். பலகை இறங்கியது. இடுப்புக்குக் கீழே, பாறைக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் உயரம்கூட இல்லை. அதற்குள் அவள் கால்கள் இருந்தன. மூன்று மணி நேரம் கத்தினாள். விசாரித்தவர்களிடம் பாறை தானாகச் சரிந்தது என்று சொன்னான். மச்சினனிடமும்.

கிரஷரின் சத்தம் மாறியது.

கல் உடையவில்லை. தகடுகளுக்கு நடுவே கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. பெல்ட் வழுக்கி ரப்பர் கருகியது. கருகலுக்கு அடியில் இன்னொரு வாசனை. ஈரக் கல், இரும்பு, திறந்த வயிறு. அது அவனுக்குத் தெரிந்த வாசனை.

ஸ்விட்சை அணைத்தான். சக்கரம் நின்றது.

“மாட்டிக்கிச்சா? தள்ளுங்க, என் கை சின்னது” என்றான் மச்சினன்.

“வேண்டாம். சுத்தியலால தட்டிப் பார்ப்போம்.”

“தட்டினா தகடு போயிடும். அப்புறம் பேராசிரியர் நம்ம ரெண்டு பேரையும் உள்ள போட்டு அரைப்பார்.”

கிரஷருக்குள் கை விடுகிறவன் ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக அங்கே அப்படி ஒரு வழக்கம். மச்சினன் ஃபியூஸைக் கழற்றினான், பையில் போட்டுத் தட்டிக் காட்டினான். முழங்கை வரை கையை விட்டான்.

“அம்மாடி, சுடுது. அக்கா கோவமா இருக்கா போல.”

சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

“மாமா. ஓட்டிட்டீங்களா?”

“இல்ல. ஃபியூஸ் உங்கிட்டதான இருக்கு.”

மச்சினன் இடது கையால் பையைத் தொட்டான். இருந்தது.

தகடு நகர்ந்துகொண்டிருந்தது. மெல்லவில்லை. அழுத்தியது. சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல், நகம் வளருவதுபோல. மணிக்கட்டு முதலில் ஒடிந்தது. பச்சைக் குச்சியை முறிக்கிற ஓசை. பிறகு முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள், ஒன்றன்பின் ஒன்றாக. மச்சினன் அலறினான். அவன் கடப்பாரையை இடையில் கொடுத்து முழு உடம்பையும் போட்டு நெம்பினான். கடப்பாரை வளைந்தது. சம்மட்டியை எடுத்துச் சக்கரத்தில் அடித்தான். தகட்டில் அடித்தான். கல்லில் அடித்தான். பொறி பறந்தது. ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. சட்டைக் கை கிழிந்து, உள்ளே சதை தட்டையாகி, இழுபட்டு, தகட்டின் விளிம்பில் மடிந்தது.

ரத்தம் வரவில்லை. வர இடமில்லை.

அலறல் நின்றது. அது நின்றது இன்னும் மோசம்.

“வலிக்கல மாமா” என்றான் மச்சினன். வியர்வை மூக்கின் நுனியில் தொங்கியது. “இப்ப வலிக்கல.”

முழங்கைக்கு மேலே தோலில் ஒரு கறுப்புக் கோடு. அதற்கு மேல் ஒரு வெள்ளை. திரும்பக் கறுப்பு. ஏறியது.

“மாப்ள, நான்தான்.” அவன் குரல் யாருடையதோ போல இருந்தது. “அவ போதும்னா. நான் இன்னொண்ணு அடிச்சேன். பாறை தானா விழல.”

“தெரியும். அக்கா இப்பதான் சொல்றா.”

“என்ன சொல்றா?”

மச்சினன் காது கொடுத்துக் கேட்டான். “தள்ளிப் படுக்கச் சொல்றா.”

அவன் சம்மட்டியை ஓங்கினான். கோட்டுக்கு மேலே, இன்னும் கையாக இருந்த இடத்தைப் பார்த்துத்தான் அடித்தான். ஆனால் சம்மட்டி இறங்குவதற்குள் கோடு அங்கே வந்துவிட்டது. சதையில் விழுந்த ஓசை இல்லை. கல்லில் விழுந்த ஓசை. கை துண்டாக விட்டுப்போனது. மச்சினன் பின்னால் சரிந்து கிரஷரின் விளிம்பில் முதுகு மோத உட்கார்ந்தான்.

இருவரும் கை உடைந்த இடத்தைப் பார்த்தார்கள். கறுப்பு, வெளுப்பு, கறுப்பு. நேர்த்தியான பட்டைகள். நடுவில் மட்டும் ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு, ஈரமாக, துடித்துக்கொண்டு.

தகடுகளுக்கு அந்தப் பக்கம் விரல்கள் விரிந்தன. மூடின. விரிந்தன.

“இன்னும் கொஞ்சம் மேல மாமா.”

தோள்.

ஓங்குவதற்குள் கோடு தோளைத் தாண்டிவிட்டது. காறை எலும்பு. சட்டைக் காலருக்குள் போனது. மறைந்தது. காதுக்குக் கீழே வெளியே வந்தது.

“மாப்ள.”

“சீக்கிரம்.”

அவன் சம்மட்டியை இறுக்கிப் பிடித்தான். எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிந்தது. அதற்கு மேல் அடிக்க வேறு இடம் இல்லை என்பதும் தெரிந்தது.

மச்சினன் தலையை இரும்பு விளிம்பில் சாய்த்துக் கழுத்தை நீட்டிக் கொடுத்தான். அசையாமல் இருந்தான். பேசியபோது இடது பக்க உதடு மட்டும் அசைந்தது.

வலது பக்கம் முழுக்கக் கல். அங்கே, கண் இருந்த இடத்தில், பட்டைகள் விலகி மேலும் கீழுமாக வளைந்து போயின. அவற்றின் நடுவே இரண்டு பக்கமும் வால்போல இழுபட்டு, ஈரமாக, மூட இமையில்லாமல், அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.